பெயருக்குப் பின் வரும் எழுத்துகள்: தமிழ்ப் பெயர்த்தொடரில் பட்டக்குறிகளின் இடம்

ஒருவர் பெற்ற கல்விப் பட்டத்தை அவர் பெயருக்குப் பின்னால் சுருக்க எழுத்துகளாக எழுதுவது ஆங்கிலக் கல்வியோடு தமிழில் நுழைந்த வழக்கமாகும். 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரும், தமிழ் நூற் பதிப்பின் முன்னோடியுமான தாமோதரம் பிள்ளையின் பெயர் இதற்குத் தக்க சான்று. ‘ராவ்பகதூர் சி. வை. தாமோதரம் பிள்ளை, பி.ஏ., பி.எல்.’ என்னும் தொடரில் ஐந்து உறுப்புகள் உள்ளன. அரசு அளித்த பட்டம் முதலில் நிற்கிறது. அடுத்து ஊரையும் தந்தையையும் குறிக்கும் தலைப்பெழுத்துகள். சிறுப்பிட்டியும் வைரவநாதரும் இரண்டு எழுத்துகளில் அடங்கிவிட்டனர். பின்னர் இயற்பெயர், அதன்பின் குலப்பெயர், இறுதியில் பல்கலைக்கழகப் பட்டம். இவற்றுள் இறுதி உறுப்பு மட்டும் தமிழ்த் தொடரமைப்புக்குப் புதியது.

சிறப்புப் பெயரும் இயற்பெயரும் ஒருங்கு வரும்போது எது முன்னிற்க வேண்டும் என்பதைத் தமிழ் இலக்கணிகள் தெளிவாகவே ஆராய்ந்துள்ளனர். சிறப்பினால் வந்த பெயருக்கு முன்னர் இயற்பெயரைக் கூறுதல் மரபன்று எனத் தொல்காப்பியக் கிளவியாக்கம் விதிக்கிறது. நன்னூல் இதனை விரித்து, சிறப்புப் பெயர் தோன்றுவதற்குரிய எட்டுக் காரணங்களைத் தொகுக்கிறது. தொழில், குடி, நிலம் ஆகியவற்றோடு கல்வியும் அவற்றுள் ஒன்று என்பது இங்குக் கருதத்தக்கது. சங்க காலப் பெயர்கள் இவ்விதிக்கு இணங்கவே அமைந்துள்ளன. ‘ஏனாதி’ என்பது படைச்சிறப்புக்கு வேந்தர் வழங்கிய பட்டம்; புறநானூற்றுத் தலைவன் ஏனாதி திருக்கிள்ளியின் பெயரில் அது முன்னிற்கிறது. அந்நூற் புலவருள் ஒருவர் மருத்துவன் தாமோதரனார். இன்று வாழ்ந்திருப்பின் அவர் பெயர்ப்பலகையில் மருத்துவம் பெயருக்கு வலப்புறம் நான்கு எழுத்துகளாக இடம்பெயர்ந்திருக்கும்.

இவ்விதி வெறும் மரபு பற்றியதன்று. தமிழின் தொடரியல் இயல்போடு பொருந்துவது. தமிழில் அடை முன்னும் தலைச்சொல் பின்னும் வரும். வேற்றுமை உருபு தொடரின் இறுதிச் சொல்லையே சாரும். ‘தாமோதரம் பிள்ளையை’ என்பதில் இடர்ப்பாடில்லை, ஏனெனில் ‘பிள்ளை’ என்பது ஆளைக் குறிக்கும் பெயர். ‘பி.ஏ.’ ஆளைக் குறிப்பதன்று; ஆள் பெற்ற ஒன்றைக் குறிப்பது. எனவே ‘தாமோதரம் பிள்ளை பி.ஏ.வை’ என எவரும் எழுதுவதில்லை. ‘பி.ஏ. அவர்களை’ என எழுதுவர். இங்கு ‘அவர்கள்’ மதிப்பை மட்டும் உணர்த்தவில்லை. உருபு ஏற்கவியலாத எழுத்துகளுக்குப் பின் நின்று உருபைத் தாங்கும் இலக்கணப் பணியையும் செய்கிறது. பழைய அழைப்பிதழ்களில் இச்சொல் தவறாது இடம்பெற்றமைக்குப் பணிவு ஒன்றே காரணம் எனல் பொருந்தாது.

எல்லாச் சுருக்கங்களும் இவ்வாறு உருபை மறுப்பதில்லை என்பது இக்கருத்தை வலியுறுத்துகிறது. ‘கண்ணன் எம்.எல்.ஏ.வைச் சந்தித்தனர்’ என நாளிதழ்கள் இயல்பாக எழுதுகின்றன. ஏகாரத்தின்முன் வகர உடம்படுமெய் தோன்றும் புணர்ச்சியும் பிறழாது நிகழ்கிறது. ‘எம்.எல்.ஏ.க்கள்’ எனப் பன்மையும் உண்டு. அதாவது இவ்வெழுத்துகள் ஆளைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாகிவிட்டன. ‘ஐ.ஏ.எஸ்.’ என்பது பட்டமும் அன்று, விருதும் அன்று. ஒரு பணியின் பெயர். ஆயினும் பேச்சு வழக்கில் அது ஆட்பெயராக மாறியுள்ளது, ‘அவர் ஐ.ஏ.எஸ்.’ என்றால் போதும். அரசு மடல்களில் எழுதப்படும் ‘இ.ஆ.ப.’ கண்ணுக்குரிய வடிவமாகவே பெரிதும் நிற்கிறது. நா ஒலிப்பது பழைய ஆங்கில எழுத்துகளையே.

தமிழ்க் கல்வியில் தேர்ந்தோர்க்கு நேர்ந்தது வேறு. 1901இல் தோன்றிய மதுரைத் தமிழ்ச் சங்கம் தேர்வுகள் நடத்திப் பண்டிதர் பட்டம் வழங்கியது. பல்கலைக்கழகம் வித்துவான் பட்டம் வழங்கியது. இவை முழுச்சொற்களாகப் பெயருக்கு முன்னரே எழுதப்பட்டன. இலக்கணப்படி இதுவே செம்மையான இடம். ஆனால் சமூக மதிப்பு வலப்புற எழுத்துகளோடு சென்றது. வித்துவான் பட்டத்தோடு அமையாது எம்.ஏ.வும் பெற்றோர் பலர் முன்னும் பின்னுமாக இரண்டையும் எழுதினர். ஒரே மனிதரின் இரு கல்விகள் அவர் பெயரின் இரு பக்கங்களில், இரு வேறு விலைகளோடு நின்றன. பல்கலைக்கழகத்தில் பயிலாத உ. வே. சாமிநாதையருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1932இல் டி.லிட். பட்டம் அளித்தபோது, அது ‘டாக்டர்’ எனும் முன்னொட்டாகி ‘மகாமகோபாத்தியாய’ முதலிய பட்டங்களின் வரிசையில் சேர்ந்தது.

குலப்பெயரின் மறைவு இவ்வரலாற்றில் முதன்மையான திருப்பமாகும். 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின் சாதிப் பட்டம் இடுவதைக் கைவிடுமாறு தீர்மானித்தது. அடுத்து வந்த பதிற்றாண்டுகளில் தமிழர் பெயரின் வலப்புறம் பெரிதும் வெறுமையாயிற்று. முன்பு ‘பிள்ளை’க்கும் ‘முதலியா’ருக்கும் பின்னால் ஒதுங்கி நின்ற எழுத்துகள் இப்போது இயற்பெயரை நேரே அடுத்து நின்றன. இதனைப் புதிய சாதிப் பட்டம் எனப் பழிப்பாரும் உளர். அவ்வொப்புமை அரைகுறையானது. முன்னது பிறப்பால் வந்து வழிவழி ஒட்டுவது. பின்னது ஒருவரோடு தொடங்கி அவரோடு முடிவது. ஒரு குடும்பத்தில் முதன்முதற் கல்லூரிக்குச் சென்றவர் தம் வீட்டுச் சுவரில் இரண்டு எழுத்துகளைப் பொறிப்பதைத் தற்பெருமை என்று தள்ளிவிட இயலாது.

அரசு விருதுகளின் நிலை சட்டத்தால் வரையறுக்கப்பட்டது. அரசமைப்பின் 18ஆம் உறுப்பு, படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் நீங்கலாக வேறு பட்டங்களை அரசு வழங்குதலைத் தடுக்கிறது. பத்ம விருதுகள் இத்தகைய பட்டங்கள் ஆகா என்றும், அவற்றைப் பெயரின் முன்னோ பின்னோ இணைத்தல் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. ஆங்கிலத்தில் வெவ்வேறு சொற்கள் உணர்த்தும் இருபொருளையும் தமிழில் ‘பட்டம்’ என்னும் ஒரே சொல் சுமப்பதால், இவ்வேறுபாட்டைத் தமிழில் விளக்குதல் எளிதன்று.

பட்டக்குறிகளைத் தமிழாக்கும் முயற்சிகளுள் ‘முனைவர்’ வேரூன்றியது. இலங்கையில் அவ்விடத்தைக் ‘கலாநிதி’ பெற்றது. எம்.ஏ.வுக்கு ஈடான ‘க.மு.’ சிலரோடு நின்றுவிட்டது. காரணம் தெளிவு. ‘முனைவர்’ ஆளைக் குறிக்கும் முழுச்சொல். இலக்கணிகள் காட்டிய முன்னிடத்தை அது எளிதில் அடைந்தது. ‘க.மு.’ எழுத்தை மாற்றியதேயன்றி இடத்தை மாற்றவில்லை. மேலும், தமிழ் எழுத்துச் சுருக்கத்தைக் கண்டதும் அது தந்தை பெயரோ ஊர்ப்பெயரோ எனக் கருதுவதே வாசகர் பழக்கம். எனினும் ‘முனைவர்’ என முன்னும் ‘பிஎச்.டி.’ எனப் பின்னும் ஒரே பட்டத்தை இருமுறை எழுதுவோர் இன்றும் பலர். அழைப்பிதழ் அச்சிடுவோர் இதனைப் பிழையாகக் கொள்வதில்லை.