உங்களுக்குத் தெரியுமா?

நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே தாமிரபரணியைக் கடக்கிறீர்களே, அந்தப் பாலத்துக்கு ஒரு தனிமனிதர் பணம் கொடுத்தார்! படகை நம்பி மக்கள் பட்ட பாட்டைப் பார்த்த கலெக்டர் அலுவலகச் சிரஸ்தார் (தலைமை எழுத்தர்) சுலோச்சன முதலியார், தன் சொத்தோடு மனைவியின் நகைகளையும் சேர்த்து அரை லட்சம் ரூபாய் தந்ததாகச் சொல்வார்கள். அன்றைக்கு அது எவ்வளவு பெரிய தொகை! லண்டன் வாட்டர்லூ பாலத்தின் சாயலில் 11 வளைவுகளோடு இந்தப் பாலம் 1843 நவம்பரில் திறக்கப்பட்டது.  மேலே விரைந்து போனால் அந்த வளைவுகளின் அழகு தெரியாது. கொக்கிரகுளம் பக்கம் ஆற்றில் இறங்கி நின்று, வளைவுகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.