கம்பியும் இடுப்பும்: டெட்லிஃப்ட் வகைகளும் அவற்றைக் கற்கும் முறையும்

தரையில் கிடக்கும் பாரத்தைக் குனிந்து பற்றி, இடுப்பும் முழங்காலும் முழுமையாக நிமிரும் வரை தூக்கி நிற்பதே டெட்லிஃப்ட் எனப்படும் பயிற்சியாகும். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ் ஆகியவற்றோடு வலுதூக்கும் போட்டியின் மூன்று பிரிவுகளுள் ஒன்றாக இது விளங்குகிறது. வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 ஆகிய காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்ற பளுதூக்குதல் வேறொரு விளையாட்டு. அதில் பாரம் தலைக்கு மேல் உயர்த்தப்படுகிறது. எனினும், கம்பியைத் தரையிலிருந்து சீராகப் பிரித்தெடுக்கும் திறன் இரண்டிற்கும் அடித்தளமாகும்.

பாரம் தூக்குவது தமிழர்க்குப் புதிதன்று. சென்னையின் பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் கடற்கரையில் மீன்கூடையையும் வலையையும் தூக்குவோரின் அன்றாட உழைப்பில் இவ்வசைவு அடங்கியுள்ளது. தென்மாவட்டச் சிற்றூர்களின் இளவட்டக்கல் இதனை வீர விளையாட்டாக்கியது. ஆனால், பிடியற்ற உருண்டைக் கல்லைக் கட்டியணைத்தே தூக்க வேண்டியிருப்பதால் அங்கு முதுகு வளைவது இயல்பு. பார்பெல்லின் கம்பியோ கெண்டைக்காலின் முன்புறத்தை உரசியபடி மேலேறக்கூடியது என்பதால், முதுகை நேராக வைத்துக்கொள்ள இடமளிக்கிறது. கம்பி உடலிலிருந்து விலக விலக, அதே எடை கீழ்முதுகின் மீது செலுத்தும் திருப்புவிசை கூடுகிறது என்னும் இயற்பியல் உண்மையே இப்பயிற்சியின் எல்லா விதிகளுக்கும் மூலமாகும்.

வழக்கமான முறையில் பாதங்கள் இடுப்பளவு அகலத்தில் இருக்க, கம்பி பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர்மேலே அமைகிறது. கைகள் முழங்கால்களுக்கு வெளியே பற்ற, மூச்சை உள்ளிழுத்து வயிற்றை இறுக்கி, கம்பியின் தளர்ச்சி நீங்கும்வரை மெல்ல இழுத்த பின்னர், தரையைக் கால்களால் அழுத்தியபடி எழ வேண்டும். தோளுக்கு முன்னரே இடுப்பு மேலெழுந்துவிட்டால் சுமையின் பெரும்பகுதி முதுகிற்கு மாறிவிடும். சுமோ முறையில் கால்கள் அகலமாக விரிந்து, கைகள் அவற்றிற்கு உட்புறத்தில் பற்றுவதால், உடல் குறைவாகவே முன்சாய்கிறது. அதற்கு ஈடாகத் தொடைகளின் உட்பகுதியும் இடுப்பு மூட்டுகளும் கூடுதல் நெகிழ்வும் வலிமையும் பெற்றிருக்க வேண்டும். 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ருமேனிய வீரர் நிக்கு விளாடின் பயிற்சியால் பெயர்பெற்ற ருமேனியன் முறையில், நின்ற நிலையிலிருந்து முழங்காலைச் சிறிதளவே மடக்கி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் கம்பி இறக்கப்படுகிறது. தொடையின் பின்தசைகள் இழுபடும் எல்லையில் நிறுத்த வேண்டுமேயன்றிக் கம்பி தரையைத் தொட வேண்டியதில்லை. அறுகோணச் சட்டத்திற்குள் நின்று தூக்கும் டிராப் பார் முறையில் பாரம் உடலின் இருபுறமும் அமைவதால், தொடக்கநிலையினருக்கு அது எளிதாகிறது.

உபகரணத்தின் அளவும் பொருட்படுத்தத் தக்கது. போட்டித் தகடுகளின் விட்டம் 45 சென்டிமீட்டர் என்பதால், கம்பி தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. சிறிய தகடுகளை மாட்டினால் கம்பி தாழ்ந்து, மிகுதியாகக் குனிய நேரிட்டு, நல்ல முறை கற்றவரின் முதுகும் வளையக்கூடும். சிறிய தகடுகள் மட்டுமே உள்ள உடற்பயிற்சிக் கூடங்களில் தகடுகளின் கீழ் உறுதியான மரக்கட்டைகளை வைத்து உயரத்தைச் சரிசெய்வது அறிவுடைமையாகும்.

கற்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதுகை ஒட்டி நெடுங்கோல் ஒன்றைப் பிடித்து, பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு ஆகிய மூன்று இடங்களிலும் அது தொட்டிருக்க இடுப்பை மடக்கப் பழகுவது முதற்படி. குறைந்த எடையில் ருமேனியன் முறை அடுத்தது. தரையிலிருந்து தூக்குவது அதற்கும் பிந்தையது. வழக்கமான முறையா, சுமோவா என்பதைத் தொடையெலும்பு, கை ஆகியவற்றின் நீளமும் இடுப்பு மூட்டின் அமைப்புமே தீர்மானிக்க வேண்டும், பிறரைப் பார்த்துச் செய்வதன்று. முதுகுவலியோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கலந்தபின்னரே தொடங்க வேண்டும். மற்றவர்களும், முதுகு வளையாமல் தூக்க முடிந்த எடையே அன்றைக்குத் தங்களுக்குரிய எடை என்று கொண்டு, அதற்கு மேல் ஒரு தகட்டையும் சேர்க்காதிருப்பார்களாக.