புல்லும் காற்றும் பாடம் சொன்ன ஊர்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், கிழக்கே லாரமி மலைத்தொடரும் மேற்கே மெடிசின் போ மலைகளும் நிற்க, நடுவில் மரமற்ற புல்வெளியில் அமர்ந்திருக்கிறது லாரமி என்ற ஊர். மக்கள்தொகை ஏறக்குறைய 32,000. அவர்களில் கணிசமானவர்கள் வயோமிங் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் அல்லது வேலை பார்ப்பவர்கள். ஊர் எல்லையைத் தாண்டினால் மாடும் செம்மறியும் மேயும் பண்ணைகள்தான்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,180 மீட்டர் உயரம். பல்கலைக்கழக விளையாட்டரங்கம் அதைவிடச் சற்று மேலே இருக்கிறது. மூச்சு வாங்கப்போகும் வெளியூர் அணிகளுக்கு முன்னெச்சரிக்கையாக 7,220 அடி என்று அங்கே பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஆண்டு முழுவதும் பெய்யும் மழையையும் பனியையும் சேர்த்தாலும் 30 சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. உழவுக்கு உதவாத மண். ஆனால் புல்லுக்குக் குறைவில்லை. வேண்டாத அளவுக்குக் காற்றும் உண்டு. அந்தப் புல்லும் காற்றும் எழுப்பிய கேள்விகளுக்கு விடை தேடித்தான் இந்த ஊர் அறிவியலில் தனக்கென ஓர் இடம் பிடித்தது என்பது என் எண்ணம்.

இங்கே ஊர் உருவானதற்கே ஒரு நிலவியல் விபத்து காரணம். ராக்கி மலைகளின் கிழக்குச் சரிவு பெரும்பாலும் செங்குத்தானது. ரயில் ஏற முடியாது. பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, மலைகளிலிருந்து அரித்து வந்த மணலும் சரளையும் மலையடிவாரத்தை ஏறத்தாழ உச்சிவரை மூடியிருந்தன. பிறகு ஆறுகள் அந்தப் படிவை அரித்துக்கொண்டு போயின. ஆனால் இன்றைய ஷையான் நகருக்கு மேற்கே ஒரே ஓர் இடத்தில், குறுகலான ஒரு பட்டையில் மட்டும், அந்தப் பழைய படிவு அரிபடாமல் தங்கிவிட்டது. சமவெளியிலிருந்து சீராக ஏறி, 140 கோடி ஆண்டுப் பழமையான இளஞ்சிவப்புக் கிரானைட் பாறையின் தோளில் போய்ச் சேரும் இயற்கைச் சாய்தளம் அது. 1865-இல் பழங்குடி வீரர்களிடமிருந்து தப்பி இறங்கும்போது இந்த வழி கண்ணில் பட்டதாக கிரென்வில் டாட்ஜ் பின்னாளில் சொன்னார். யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் அவர். அரபஹோ, ஷையான் மக்களின் வேட்டைநிலத்தின் ஊடே தண்டவாளம் அந்தச் சாய்தளத்தில் ஏறி, 1868 மே மாதம் லாரமியை அடைந்தது. ரயிலோடு ஊர் முளைத்தது.

ரயில் வந்ததும் மாடுகள் வந்தன. வேலி இல்லாத பொதுப் புல்வெளியில் ஆயிரக்கணக்கில் விட்டு மேய்த்தார்கள். குளிர்காலத்துக்கென்று வைக்கோல் சேர்த்துவைக்கும் வழக்கம் பெரிதாக இல்லை. 1886 கோடையில் வறட்சி. புல் ஏற்கெனவே மொட்டையாகியிருந்தது. தொடர்ந்து வந்த கடுங்குளிர் வடக்குச் சமவெளிகள் எங்கும் மந்தைகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. 1887 வசந்தத்தில் பனி உருகியபோது பள்ளத்தாக்குகளில் கிடந்த சடலங்களோடு அந்தப் பழைய மேய்ச்சல் முறையும் முடிவுக்கு வந்தது. அதே 1887 செப்டம்பரில்தான் லாரமியில் பல்கலைக்கழகம் வகுப்புகளைத் தொடங்கியது. வயோமிங் அப்போது மாநிலமாகக்கூட ஆகியிருக்கவில்லை, அது 1890-இல்தான். புல்லைப் பற்றி ஒன்றும் தெரியாமல் மாடு வளர்க்க முடியாது என்று ஒரு பிரதேசமே பாடம் கற்ற ஆண்டில் அதன் கல்லூரி திறந்தது.

தொடக்க ஆசிரியர்களில் ஒருவர் ஏவன் நெல்சன். ஆங்கிலம் கற்பிக்க நியமிக்கப்பட்டு வந்தவர். வந்து பார்த்தால், ஆங்கிலத்துக்கு இன்னொருவரையும் நியமித்திருந்தார்கள்! அதனால் உயிரியல் நெல்சன் தலையில் விழுந்தது. அவர் புல்வெளிக்குள் இறங்கி, செடிகளைப் பறித்து, உலர்த்தி, பெயர் எழுதி அடுக்கத் தொடங்கினார். 1899-இல் மாணவர்களோடு யெல்லோஸ்டோன் காட்டுக்குப் போய் கோடை முழுவதும் தாவரம் சேகரித்தார். அவர் தொடங்கிய ராக்கி மலைத் தாவரச் சேகரம் இன்று பல லட்சம் உலர்மாதிரிகளுடன் அந்தப் பகுதித் தாவரவியலுக்கு ஆதாரமாக இருக்கிறது.

ஆனால் செடிக்குப் பெயர் தெரிந்தால் மட்டும் போதவில்லை. 1907, 1908 ஆண்டுகளில் மெடிசின் போ ஊருக்கு வடக்கே ஆயிரக்கணக்கான செம்மறிகள் செத்து விழுந்தன. வேறு இடங்களில் மாடு, குதிரைகளின் குளம்புகள் வளையம் வளையமாக வெடித்து நீண்டு வளைந்தன. வால்மயிரும் பிடரிமயிரும் உதிர்ந்தன. தண்ணீரில் உள்ள காரம்தான் காரணம் என்று மேய்ப்பவர்கள் நம்பினார்கள். லாரமிப் பல்கலைக்கழகத்தில் இருந்த வேதியியலாளர் ஓ. ஏ. பீத் நச்சுத் தாவரங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1930-களில் பக்கத்து மாநிலமான தெற்கு டகோட்டாவில், நஞ்சேறிய தானியத்தில் செலினியம் என்ற தனிமம் இருப்பது தெரியவந்தது. பீத் குழுவினர் அதைத் தங்கள் புல்வெளிகளில் தேடியபோது வியப்பான ஓர் உண்மை கிடைத்தது. பக்கத்தில் நிற்கும் சாதாரணப் புல்லில் செலினியம் சொற்பம்தான். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த சில அஸ்ட்ராகலஸ் செடிகளிலோ அது பத்து லட்சத்தில் ஆயிரக்கணக்கான பங்கு அளவில் குவிந்திருந்தது. ஊதாப்பூ பூத்து அழகாக நிற்கும் அந்தச் செடியை முகர்ந்தால் பூண்டு வாடை அடிக்கும். செலினியச் சேர்மங்கள் ஆவியாகும் வாடை அது.

செலினியம் ஏன் நஞ்சாகிறது? தனிம அட்டவணையில் அது கந்தகத்துக்கு நேர் கீழே இருக்கிறது. நடத்தையிலும் கந்தகத்தைப் போலவே. புரதம் கட்டும் உயிரணு, கந்தகம் வர வேண்டிய இடத்தில் செலினியத்தை ஏற்றுக்கொண்டு ஏமாறுகிறது. போலிச் சாவி பூட்டுக்குள் நுழைந்துவிடும், ஆனால் திறக்காது; அதுபோலத்தான் அந்தப் புரதமும். உடலில் கந்தகம் மிகுந்த புரதம் கெரட்டின். குளம்பும் மயிரும் கெரட்டினால் ஆனவை. அதனால்தான் அடி முதலில் அங்கே விழுகிறது.

அப்படியானால் செடி எப்படித் தப்பிக்கிறது? செலினியம் சேர்ந்த அமினோ அமிலத்தின் மீது அது ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டிவிடுகிறது. அப்படி ஒட்டப்பட்ட மூலக்கூறைப் புரதம் கட்டும் பொறி தொடுவதில்லை. நஞ்சு செடிக்குள்ளேயே பத்திரமாகக் கிடக்கிறது; கடிக்க வரும் பூச்சியும் பிரெய்ரி டாக் என்னும் தரை அணிலும் விலகிப் போகின்றன. புல்வெளியில் நின்ற இடத்தில் நின்றுகொண்டு ஒரு செடி நடத்தும் இந்த வேதியியல் என்னை ஒவ்வொரு முறையும் மலைக்க வைக்கிறது.

கதை அங்கே நிற்கவில்லை. கொலராடோ பீடபூமியின் மணற்பாறைகளில் யுரேனியத்தோடு செலினியமும் சேர்ந்தே இருப்பது வழக்கம். செலினியம் இல்லாத மண்ணில் அந்தச் செடிகள் செழிப்பதில்லை. எனவே செடி நிற்கும் இடத்தின் அடியில் தாது இருக்கக்கூடும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹெலன் கேனன் இந்தச் செடிகளைக் கொண்டே யுரேனியம் தேடினார். இன்னொரு பக்கம், மிகச் சிறிய அளவில் செலினியம் உயிருக்கு இன்றியமையாதது என்பது 1957-இல் தெரியவந்தது. பீத் செலினியத்தின் கணக்கில் எழுதிய ‘குருட்டுத் தள்ளாட்டம்’ என்ற கால்நடை நோய் உண்மையில் அதனால் வருவதல்ல என்பதை 1990-களில் எடுத்துச் சொன்னவர்களும் இதே பல்கலைக்கழகத்தின் கால்நடை நோயியலாளர்கள்தான். சொந்த வீட்டுப் பெரியவரின் முடிவையும் சோதித்துப் பார்க்கிற பழக்கம் ஓர் ஊருக்குப் பெருமை.

இனி காற்று. லாரமிக்கு மேற்கே ராக்கி மலைச்சங்கிலி தாழ்ந்து ஒரு பெரிய இடைவெளி விடுகிறது. மேலைக்காற்று அந்த வாய் வழியாகப் பாய்ந்து வருகிறது. குளிர்காலத்தில் விழுந்த பனியை அது தரையில் இருக்க விடாது. கிளப்பி ஓட்டிக்கொண்டே போகும். பழைய ரயில்பாதையும் சாலையும் இதை அறிந்து வடக்கே சுற்றிப் போயின. 80-ஆம் எண் நெடுஞ்சாலை போடும்போது தூரத்தை மிச்சப்படுத்த எல்க் மலையின் அடிவாரத்தை ஒட்டி நேராகப் போனார்கள். அங்கே போகாதீர்கள் என்று உள்ளூர்க்காரர்கள் எச்சரித்தும் கேட்கவில்லை. 1970 அக்டோபரில் சாலை திறந்தது. சில நாட்களிலேயே பனிப்புயல் அதை மூடியது.

அப்போது லாரமியில் அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளராக இருந்தவர் ரொனால்ட் டேப்லர். பறக்கும் பனியைத் தடுக்கும் வேலியின் கணக்கை அவர் ஒழுங்காகப் போட்டார். இடைவெளியே இல்லாத சுவராகக் கட்டினால் காற்று சுழன்று, குறுகிய குவியலோடு இடம் நிரம்பிவிடும். பாதி பலகை, பாதி வெளி என்று கட்டினால் காற்று வேகம் இழந்து ஊடுருவும். சுமந்துவந்த பனியை மெல்ல இறக்கிவைத்துவிட்டுப் போகும். அடியிலும் கொஞ்சம் இடம் விட வேண்டும், இல்லையேல் வேலியே புதைந்துவிடும். குவியல் வேலியின் உயரத்தைப்போல் 35 மடங்கு நீளும். ஆகவே 3.6 மீட்டர் வேலியைச் சாலையிலிருந்து ஏறத்தாழ 125 மீட்டர் தள்ளி நிறுத்த வேண்டும். கிட்டே கொண்டுவந்தால் குவியல் சாலைமேலேயே விழும். அந்தச் சாலையோரம் இன்று மைல் கணக்கில் சாய்ந்து நிற்கும் மரவேலிகள் இந்தக் கணக்கின்படி நிற்பவை. பறக்கும் பனித்துகள் வழியிலேயே ஆவியாகிக் கரைகிறது என்பதையும், எனவே ஓர் இடத்துக்கு வந்து சேரும் பனி சில கிலோமீட்டருக்குள் கிளம்பியதே என்பதையும் இந்த ஆய்வுகள் காட்டின. வறண்ட மேய்ச்சல் நிலத்துக்கு அது பெரிய செய்தி. வேலி கட்டிப் பனியைச் சேமித்தால் வசந்தத்தில் மாடு குடிக்கும் குட்டையில் தண்ணீர் நிற்கும்.

மனிதர்களைச் சொல்லாமல் ஊரைச் சொல்ல முடியாது. 1869 டிசம்பரில் வயோமிங் பிரதேசம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. 1870 மார்ச்சில் லாரமி நீதிமன்றத்தின் ஜூரியில் பெண்கள் அமர்ந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 6 காலை, எழுபதை நெருங்கிய லூயிசா ஸ்வெயின் என்ற மூதாட்டி ஈஸ்ட் வாங்கும் தூக்குவாளியோடு போய் வாக்களித்துவிட்டு வந்தார். பின்னர் வந்த நீதிபதிகள் ஜூரியில் பெண்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த இடம் திரும்பக் கிடைக்க ஏறக்குறைய 80 ஆண்டுகள் ஆயின. பல்கலைக்கழகம் முதல் நாளிலிருந்தே இருபாலருக்கும் திறந்திருந்தது. ஊரிலேயே பிறந்து அங்கேயே படித்த ஜூன் எட்டா டவுனி 1915-இல் அதன் உளவியல் துறைக்குத் தலைவரானார்.

கசப்பான பக்கங்களும் உண்டு. 1969-இல் எதிரணிப் பல்கலைக்கழகத்தை நடத்திய மதச் சபையின் நிறவெறிக் கொள்கையை எதிர்த்துக் கைப்பட்டை அணிய விரும்பிய 14 கறுப்பின வீரர்கள் லாரமிப் பல்கலைக்கழக விளையாட்டு அணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். பல்கலைக்கழகம் வருத்தம் தெரிவிக்க 50 ஆண்டுகள் பிடித்தன. 1998-இல் மாத்யூ ஷெப்பர்ட் என்ற மாணவர் ஊருக்கு வெளியே தாக்கப்பட்டு இறந்தார். தன்பால் ஈர்ப்பு கொண்டவர் என்பதால் அவர்மீது காட்டப்பட்ட வெறுப்பு நாட்டையே உலுக்கியது. 2009-இல் வந்த வெறுப்புக் குற்றச் சட்டம் அவர் பெயரையும் தாங்கியிருக்கிறது. எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த ஊரில் அந்த மரணம் இன்னும் ஆறாத புண்.

மீண்டும் புல்வெளிக்கு வருவோம். லாரமிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத ஒரு தேரையும் உண்டு. 1946-இல் அதைக் கண்டறிந்த பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் பாக்ஸ்டரின் பெயரே அதன் அறிவியல் பெயரில் நிற்கிறது. 1980-களில் அது அழிந்தேவிட்டது என்று நினைத்தார்கள். 1987-இல் ஊருக்குத் தென்மேற்கே ஓர் ஏரியில் மிச்சம் கிடைத்தது. தோலைத் தாக்கும் ஒரு பூஞ்சைநோய் அதை இன்னும் துரத்துகிறது. கூண்டில் வளர்த்துப் பெருக்கிய தேரைகளைக் கொண்டுபோய் விடுவதற்கு ஈரநிலம் வேண்டும். நல்ல ஈரநிலமோ பெரும்பாலும் பண்ணைக்காரர்களிடம் இருக்கிறது. அழியும் உயிரினம் நிலத்தில் இருந்தால் அரசுக் கட்டுப்பாடுகள் வரும் என்ற அச்சம் அவர்களுக்கு. அதனால் அரசு ஓர் உடன்படிக்கை செய்துகொள்கிறது: தேரைக்கு இடம் கொடுங்கள், கூடுதல் கட்டுப்பாடு வராது, மாடு மேய்ப்பதும் வைக்கோல் அறுப்பதும் வழக்கம்போல் நடக்கட்டும். சில பண்ணைகளின் புல்தரைக் குட்டைகளில் இப்போது அந்தத் தேரைகளை விட்டு வருகிறார்கள்.