எண்ணூருக்கு ஒரு நாயகி வேண்டும்

இரும்புக்கை மாயாவியில் ஊறிப்போயிருந்த தமிழ் காமிக்ஸ் வாசகர்கள் முன்னால், 1984 ஜூலையில் ஒரு பெண் வந்து நின்றார். சிவகாசியிலிருந்து வெளிவந்த லயன் காமிக்ஸின் முதல் இதழே ‘கத்தி முனையில் மாடஸ்டி’தான்.

மாடஸ்டி பிளைஸிக்குப் பறக்கத் தெரியாது. மாய சக்தியும் கிடையாது. அகதி முகாமிலிருந்து தப்பி, ஊர் ஊராக அலைந்து, சொந்த மூளையால் தலையெடுத்தவர். கொண்டையில் செருகிய சின்ன மரக்கட்டைதான் பிடித்த ஆயுதம். அதை உருவி எதிராளியின் நரம்பு முடிச்சில் ஒரு தட்டுத் தட்டினால் ஆள் காலி. கத்தி வீசும் கூட்டாளி கார்வின் பக்கத்திலேயே இருந்தாலும் தலைமை மாடஸ்டிதான். பீட்டர் ஓ’டானல் 1963இல் லண்டன் நாளிதழுக்காகப் படைத்த இவர் இன்றும் அலுக்கவில்லை. ஒரே குறை, சில பக்கங்களில் ஓவியரின் கண் கதையை விட்டுவிட்டு நாயகியின் உடம்பிலேயே நிற்கிறது.

மார்வெலின் கமலா கானிடம் (தனித் தொடர் 2014) அந்தக் குறை இல்லை. எழுத்தாளர் ஜி. வில்லோ வில்சன், எடிட்டர் சனா அமானத் இருவருமே பெண்கள். பாகிஸ்தானியக் குடும்பத்துப் பள்ளி மாணவியான கமலா, சக்தி கிடைத்ததும் பொன்னிற முடிக்காரியாகத்தான் முதலில் மாறுகிறாள். அந்த உடையும் பூட்ஸும் அவளைப் பாடாய்ப் படுத்துகின்றன. பிறகு தன் புர்கினியையே நாயகி உடையாக்கிக்கொள்கிறாள். அவள் ஊர் ஜெர்சி சிட்டி. ஆற்றுக்கு அக்கரையில் மன்ஹாட்டன் மினுக்குகிறது. உழைப்பு இந்தப் பக்கம், பவுசு அந்தப் பக்கம் என்ற கணக்கு வடசென்னையின் ராயபுரத்துக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும்.

2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பின் வந்த ‘பிரியாஸ் சக்தி’யில், பார்வதியின் அருளோடு புலிமேல் வருகிறாள் கிராமத்துப் பெண் பிரியா. நோக்கம் நல்லது. ஆனால் வசனம் பிரச்சாரமாகிவிடுவதால் ஆள் மனதில் ஒட்டவில்லை.

சக்தி எவ்வளவு என்பது முக்கியமில்லை. ஊரும் எதிரியும் நிஜமாக இருந்தால்தான் நாயகி நிற்பாள். அதே வடசென்னையின் எண்ணூரில் எதிரியைக் கற்பனை செய்யவே வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிய, மூச்சுத் திணறிய மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். ஆலையை மூடச் சொல்லிப் போராடியவர்களில் மீனவப் பெண்களும் உண்டு.

நாற்பது ஆண்டுகளாக மொழிபெயர்ப்பு நாயகிகளை ரசித்துவிட்டோம். பதிப்பாளர்களே, ஓவியர்களே, எண்ணூர்க்காரி ஒருத்தியை வரைந்து கொடுங்கள். காசு கொடுத்து வாங்கிப் படிக்க நாங்கள் ரெடி.