பொம்மைக் கூடையைக் கவனிக்கிறீர்களா?

வேலைக்குச் செல்லும் அண்டை வீட்டார், உறவினர் ஆகியோரின் குழந்தைகளைத் தம் இல்லத்திலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இன்று நம் தெருக்களில் பலர் உள்ளனர். வீட்டிலிருந்தபடியே கண்ணியமாகச் சிறு வருவாய் ஈட்ட இது நல்ல வழியே. இவர்கள் பாலை நன்கு காய்ச்சித் தருகிறார்கள். தரையை நாள்தோறும் துடைக்கிறார்கள். ஆயின், கூடத்தின் மூலையிலிருக்கும் பொம்மைக் கூடையைக் கவனிப்பவர் குறைவு. ஒரு குழந்தைக்குக் கண்ட வயிற்றுப்போக்கு அதே வாரத்தில் மற்றக் குழந்தைகளுக்கும் பரவுவதற்கு அந்தக் கூடையும் ஒரு காரணமாகிவிடுகிறது.

தவழும் குழந்தை எதையும் வாயில் வைத்தே அறிந்துகொள்கிறது. அது கடித்துவிட்டுக் கீழே போட்ட கிலுகிலுப்பையை அடுத்த குழந்தை எடுத்துக் கடிக்கும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ், வழவழப்பான பொருள்களின் மேல் பல நாட்கள் அழியாமல் இருக்க வல்லது. 2016-இல் இந்தியாவில் நான்கு மாநிலங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிவாக்கப்பட்ட தடுப்பு மருந்து இந்நோயின் கடுமையைக் குறைக்கிறது. எனினும் வயிற்றுப்போக்கிற்குக் காரணமான கிருமி அது ஒன்று மட்டுமன்று.

மருந்து மணம் வீசினாலே தூய்மை வந்துவிட்டதாக நம்மில் பலர் எண்ணுகிறோம். தரைக்குரிய பினாயிலைப் பொம்மை மீது தெளிப்பதைவிடத் தெளிக்காமலிருப்பதே மேல்; அது குழந்தையின் வாய்க்குள் போகும் பொருளல்லவா? கையில் தடவும் சானிடைசரும் வாந்தி, பேதியை உண்டாக்கும் நோரோ வைரஸின் மீது சரிவரச் செயல்படுவதில்லை.

முதலில் கழுவுதல், அதன் பிறகே கிருமி நீக்கம். இந்த வரிசை மாறக் கூடாது. எச்சிலும் அழுக்கும் படிந்திருக்கும்போது மருந்து அந்த அழுக்கிலேயே வீணாகிவிடும். பிளாஸ்டிக் பொம்மைகளைச் சோப்பு நீரில் ஊறவைத்து, இடுக்குகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, நல்ல நீரில் அலசுங்கள். பின்னர் ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் 5 மில்லி திரவ பிளீச் கலந்து, அதில் இரண்டு நிமிடங்கள் மூழ்க வையுங்கள். புட்டியின் மேல் சுமார் 5 விழுக்காடு என்று குறித்திருக்கும் மணமில்லாத வகைக்கே இவ்வளவு பொருந்தும். மீண்டும் ஒருமுறை அலசி, காற்றில் நன்கு உலர விடுங்கள். துணியால் துடைத்தால் அத்துணியின் அழுக்கு மறுபடி ஒட்டும். வாந்தியோ மலமோ பட்ட பொம்மைக்கு லிட்டருக்கு 20 மில்லி சேர்த்து, ஐந்து நிமிடங்கள் வைத்திருந்து, நன்றாக அலசுதல் வேண்டும்.

பிளீச் கரைசல் நேரம் செல்லச் செல்ல வீரியம் இழக்கும். அன்றன்றைக்குப் புதிதாகக் கலப்பதே முறை. கழிவறை கழுவும் ஆசிட்டுடன் அதை ஒருபோதும் சேர்த்துவிடாதீர்கள். மூச்சை அடைக்கும் நச்சு வாயு வெளிப்படும். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தாகமெடுத்த குழந்தைக்கு வேறுபாடு தெரியாது.

மரச் செப்புச் சாமான்களை ஊறவைத்தால் மரம் உப்பி வெடித்துவிடும். சோப்பு நீரில் பிழிந்த துணியால் துடைத்து, பின்பு நல்ல நீரில் நனைத்த துணியால் மறுமுறை துடைத்து உலர்த்துவதே போதும். துணிப் பொம்மைகளைச் சூடான நீரில் துவைத்து, உள்ளேயிருக்கும் பஞ்சும் காயும்வரை வெயிலில் போடுங்கள். துவைக்க இயலாத பெரிய கரடி பொம்மை பலர் புழங்கும் இடத்திற்கு ஏற்றதன்று; விலை கொடுத்து வாங்கியதாயினும் அலமாரியிலேயே இருக்கட்டும். குளிக்கும்போது விளையாடும் ரப்பர் வாத்தின் அடியில் துளை இருக்கும். அதன் வழியே புகுந்த நீர் உள்ளே தேங்கிப் பூஞ்சை வளர்க்கும். பயன்படுத்தப்பட்ட அத்தகைய பொம்மைகளை ஸ்விட்சர்லாந்து ஆய்வாளர்கள் வெட்டிப் பார்த்து, உள்ளே பாக்டீரியாவும் பூஞ்சையும் அடர்ந்து படிந்திருப்பதை 2018-இல் வெளியிட்டனர். துளையில்லாத பொம்மையாகப் பார்த்து வாங்குங்கள்.

“ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதற்கெல்லாம் நேரம் ஏது?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லாப் பொம்மைகளையும் தினமும் கழுவ வேண்டியதில்லை. எட்டாத உயரத்தில் ஒரு மூடியிட்ட வாளியை வையுங்கள். எந்தக் குழந்தை எதை வாயில் வைத்தாலும், அது கைவிட்டவுடன் எடுத்து அதில் போட்டுவிடுங்கள். மாலையில் பிள்ளைகள் சென்றபின் அந்த வாளியிலுள்ளவற்றை மட்டும் கழுவினால் அரைமணி நேரத்தில் வேலை முடியும். வாயில் படாத கட்டைகள், வண்டிகள் போன்றவற்றிற்கு வாரம் ஒருமுறை போதுமானது. பொம்மைகளை இரு பங்காகப் பிரித்து மாற்றி மாற்றிக் கொடுத்தால் உலர்வதற்கும் அவகாசம் கிடைக்கும். குழந்தைகளுக்கும் புதிதாகத் தோன்றும்.

வயிற்றுப்போக்குள்ள குழந்தையை, அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை அனுப்ப வேண்டாமென்று தாயிடம் சொல்லப் பலர் தயங்குகின்றனர். அவருக்கு விடுப்பு கிடைப்பது அரிது. நமக்கும் இரு நாள் வருவாய் போகும். ஆயினும் மற்ற நான்கு பிள்ளைகளும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள் அல்லவா? அந்நாட்களின் கட்டணத்தை எவ்வாறு கணக்கிடுவது என்பதைக் குழந்தையைச் சேர்க்கும்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். காலையில் வாசலில் நின்று இருவரும் சங்கடப்பட நேராது.