யூரியா உரமும் அதைப் பிரிக்கும் நொதியும்

யூரியா தூவிய வயலில் அமோனியா நெடி வீசுமாயின், உரத்திற்கிட்ட பணத்தில் ஒரு பகுதி காற்றோடு போகின்றதென்று நிலமுடையோர் அறிதல் வேண்டும்.

யூரியாவை நீருடன் வினைப்படுத்தி அமோனியாவாகப் பிரிப்பது யூரியேஸ் என்னும் நொதியாகும். இது பல செடிகளிலும், மண்ணிலுள்ள நுண்ணுயிர்களிலும் காணப்படுவது. 1926-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் சம்னர், வாளவரைக்கு இனமான ஜாக் அவரை விதையினின்று இதைப் படிகமாக எடுத்து, இந்நொதி ஒரு புரதமே என நாட்டினார்; 1946-இல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். இதனுள் நிக்கல் உலோகம் இருப்பது 1975-இல் தெரிந்தது. 2010-இல் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இவ்வவரை நொதியின் அணுவமைப்பை வெளியிட்டனர். இரண்டு நிக்கல் அணுக்கள் யூரியாவையும் நீரையும் அருகருகே நிறுத்துவதால் வினை நடைபெறுகின்றது. அதன் படிகளைக் கணிப்பொறிக் கணக்கினாலும் ஆராய்ந்து வருகின்றனர். நொதியின் உதவியால் வினையின் வேகம் ஏறக்குறைய நூறு லட்சம் கோடி மடங்கு மிகுகின்றது.

இவ்வேகமே நஷ்டத்திற்குக் காரணம். மண்ணின் மேற்பரப்பில் உண்டாகும் அமோனியா வாயுவாய் வெளியேறும். மண்ணுள் உண்டாவதோ களிமண்ணில் பற்றி நின்று வேருக்கு உதவும். வெப்பமும் மண்ணின் களர்த்தன்மையும் நஷ்டத்தை மிகுவிக்கும். ஆகையால் புன்செயில் யூரியாவை இட்டவுடன் மண்ணால் மூடுதல் அல்லது நன்றாக நீர் பாய்ச்சுதல் வேண்டும். நன்செயில் அடியுரமாக இடுங்கால், நீரை வடித்துச் சேற்றில் கலந்து, பின்னரே நீர் கட்டுதல் நலம். கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைப்பாராக.