கிளாரினெட்: பியானோவோடும் தவிலோடும்

கிளாரினெட் 1700ஆம் ஆண்டை ஒட்டி ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் யோகான் கிறிஸ்டோஃப் டென்னர் உருவாக்கிய துளைக்கருவி. பார்வைக்கு நாதஸ்வரத்தின் தங்கை போலிருக்கும். உள்ளே சங்கதி வேறு. நாதஸ்வரத்தின் துளை கீழே போகப் போக விரியும், சீவாளிக்கு இரண்டு நாக்கு. கிளாரினெட்டின் துளை பெரும்பாலும் ஒரே அகலம், அதிர்வது ஒற்றை நாணல் தகடு. நாதஸ்வரத்தில் சட்ஜத்தை அழுத்தி ஊதினால் மேல் சட்ஜம் பேசும். கிளாரினெட்டில் அது மேல் பஞ்சமத்துக்குத் தாவிவிடும். நடுவில் விழும் இடைவெளியை நிரப்பத்தான் முதலில் உலோகச் சாவிகள் வந்தன.

மேற்கில் அந்தச் சாவிகள் வரம். பியானோவின் கட்டைக்குக் கட்டை சுரம் பொருந்தி நிற்கும். பிரெஞ்சு இசையமைப்பாளர் பிரான்சிஸ் பூலாங்க் 1962இல் முடித்த கிளாரினெட்–பியானோ சொனாட்டா இதற்கு நல்ல சாட்சி. மறைந்த நண்பர் ஆர்தர் ஒனெகரின் நினைவுக்கு எழுதிய படைப்பு அது. மூன்று பகுதிகள்: முதலாவது துள்ளலுக்குள் துயரத்தை ஒளித்து வைக்கிறது, நடுப்பகுதி மெல்ல உருகுகிறது, கடைசி ஒரே ஓட்டம். பியானோ இங்கே பக்கவாத்தியமாக ஒதுங்கி நிற்காமல், கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே வருகிறது. அரங்கேற்றத்தைப் பார்க்கப் பூலாங்குக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1963 ஜனவரியில் காலமானார். ஏப்ரலில் நியூயோர்க்கின் கார்னகி மண்டபத்தில் அதை வாசித்தவர்கள் ஜாஸ் கலைஞர் பென்னி குட்மனும், பியானோவில் லெனார்ட் பேர்ன்ஸ்டைனும்.

தமிழரிடம் வந்தபோது, சுரத்தை அசைத்து வாசிக்கும் அவர்கள் இசைக்கு அதே சாவிகளே இடைஞ்சலாயின. 19ஆம் நூற்றாண்டில் மகாதேவ நட்டுவனார் சதிர் என்ற ஆட்டக் கச்சேரியில் கிளாரினெட்டைப் புகுத்தினார் என்பர். நாளடைவில் அது முகவீணை என்ற சிறு ஊதுகுழலின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இந்தச் சதிர்க் குழுவே சின்னமேளம். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கியதும் தமிழ்நாட்டுக் கலைஞர்களுக்கு இலங்கை வடக்கின் கோயில் திருவிழாக்கள் கிட்டவாயின. தலைமன்னார் இறங்குதுறையில் கால்வைத்தால் ரயில் தயாராக நின்றது. கிளாரினெட்டோடு சின்னமேளமும் அப்படி வந்து யாழ்ப்பாணத் திருவிழாக்களில் பேர்பெற்றது. அதை எதிர்த்துப் பேசியோருக்கும் அங்கே குறைவில்லை.

ஆட்டத்துக்குப் பின்னால் நின்று ஊதிய கருவியைத் தனிக்கச்சேரி மேடையில் முன்னால் உட்காரவைத்ததில், 1931இல் பிறந்த திருச்சி ஏ.கே.சி. நடராஜனுக்குப் பெரும்பங்கு. முதலில் வாய்ப்பாட்டுப் பயின்றவர். அந்தப் பாட்டையே குழலில் தேடினார் என்று சொல்லலாம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காமல் ஊசலாட வேண்டும். சாவியை அமுக்கினால் அது வெட்டிவெட்டி விழும். விரல் துளையைப் பாதி மூடி மெல்லத் திறக்க, உதடு நாணலை நெருக்கியும் தளர்த்தியும் கொடுக்க, சுரம் வழுக்கி இறங்கும். நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை அவரைக் ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ என்றார். பத்மஸ்ரீ வந்து சேர 2022 ஆயிற்று.

நடராஜன் பக்கத்தில் பியானோ இல்லை. ஒரே சுருதியை விடாமல் பிடித்திருக்கும் பெட்டியும், இரண்டு ஊர் தள்ளியும் கேட்கும் தவிலும்தான்.